ஜோர்தானின் வயலும் கந்தப்பளை லீக்ஸும்

கேள்வி: என் மகள் ஜோர்தானில், ஸர்கா நகரத்துக்கு அருகே ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறாள். மலசலகூடத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் அங்கே வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள் என்று சொன்னாள். நாங்களும் மழையில்லாத மாசி, பங்குனியில் கீழே ஓடும் ஓடையிலிருந்து மோட்டார் வைத்து லீக்ஸுக்கும் கரட்டுக்கும் தண்ணீர் இறைக்கிறோம். மேலேயுள்ள லயங்களின் கழிவு அதில்தான் கலக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, கந்தப்பளை

பதில்: ஒன்றல்ல, அம்மா. உங்கள் மகள் சொன்னது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் வயலைச் சேருமுன் கடந்துவரும் வழி நீண்டது. ஜோர்தானின் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீற்றரைத் தாண்டுவதில்லை. நம் மலையில் ஐப்பசி மாதம் ஒன்றிலேயே ஏறக்குறைய அவ்வளவு பெய்துவிடும். ஆகவே அம்மான், ஸர்கா நகரங்களின் கழிவுநீரை வீணாக்க அவர்களால் இயலாது. 1985இல் அஸ்-சம்ரா என்னுமிடத்தில் பெரிய குளங்களை வெட்டி, பாசி வெளிவிடும் ஒட்சிசனைக் கொண்டு பற்றீரியாக்கள் அழுக்கைத் தின்னவும், வெயில் நோய்க்கிருமிகளைக் கொல்லவும் வழிசெய்தார்கள். நகரம் பெருத்தபோது குளங்கள் தாங்கவில்லை. 2008இல் அங்கே புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் விரிவாக்கப்பட்டு, நாளொன்றுக்கு 364,000 கன மீற்றர் கொள்ளளவைப் பெற்றது. அம்மான் மேட்டில் இருப்பதால், குழாயில் இறங்கிவரும் கழிவுநீரே டர்பைனைச் சுழற்றி மின்சாரமும் தருகிறது. லக்சபான நீர்மின் நிலையத்தை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

அந்நிலையத்தில் கசடு படியவைக்கப்பட்டு, காற்றூட்டிய தொட்டிகளில் பற்றீரியாக்கள் எஞ்சிய அழுக்கைத் தின்று, அவையும் படிந்த பின்னர்தான் தெளிந்த நீருக்குக் குளோரின் சேர்க்கிறார்கள். அப்படியிருந்தும், பச்சையாக உண்ணும் மரக்கறிகளுக்கு அந்நீரை நேரடியாகப் பாய்ச்ச அந்நாட்டுத் தரவிதி இடமளிப்பதில்லை. அது கால்நடைத் தீவனப் பயிருக்குப் பாய்கிறது. மிகுதி தலால் மன்னர் அணையில் மழைநீரோடு கலந்து ஜோர்தான் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது.

உங்கள் ஓடையில் இவற்றில் எதுவுமே நடப்பதில்லை. ஓடுகிற தண்ணீரில் தீட்டில்லை என்று நம் பெரியவர்கள் நம்பியது, லயங்கள் இல்லாத காட்டு ஊற்றுக்கு மட்டுமே பொருந்தும். என்னை மிகவும் கவலைப்படுத்துவது, மனிதக் குடலில் வாழும் வட்டப்புழுவின் முட்டைதான். கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டை ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; குளோரினும் அதை எளிதில் கொல்வதில்லை. பாசன நீரில் லீற்றருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஒரு லீக்ஸை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெள்ளைத் தண்டின் மூன்றாம், நான்காம் மடல்களுக்குள்ளும் கறுத்த மண் கோடுகோடாகப் படிந்திருக்கும். அந்த மண் நுழைந்த வழியில் முட்டையும் நுழைந்துவிடும்.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. முட்டை நீரைவிடக் கனமானதாகையால் அசையாத நீரில் அடியில் தங்கும். எனவே ஓடை நீரை நேரே பாத்திக்கு இறைக்காமல் ஒரு குழியில் தேக்கி, சில நாட்கள் அசையாமல் விட்டு, அடிச்சேறு கலங்காதபடி மேல்நீரை மட்டும் எடுங்கள். குழி இரண்டானால் ஒன்று நிரம்பும்போது மற்றது தெளியும். நம் குளிரிலும் மேகமூட்டத்திலும் பற்றீரியாக்கள் வெயில் நாட்டில்போல் விரைவில் சாவதில்லை என்பதால், இலைமேல் தெளிக்காமல் வேரடியில் பாய்ச்சுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே இந்நீரை நிறுத்திவிடுங்கள். பிடுங்கிய கரட்டை ஓடையிலேயே அலசிச் சாக்கில் கட்டும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், தயவுசெய்து அதற்குப் பீலித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கரட்டைப் பிள்ளைகள் பச்சையாகவே கடிக்கிறார்கள்.