கடைசி இரண்டு நிமிட உபதேசம்

கேள்வி: சிட்காம் என்கிற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர், அரை மணி நேரம் சிரித்துவிட்டு மறந்துபோகிற சமாசாரம். அது சமூகத்தையே மாற்றியது என்று எழுதுகிறார்களே, மிகை இல்லையா? மாற்றும் என்பது உண்மையானால், நல்ல கருத்துச் சொல்லும் நகைச்சுவைத் தொடர்களாகவே எடுத்துவிடலாமே?

பதில்: மிகை இல்லை. ஆனால் உங்கள் இரண்டாவது யோசனையை நான் ஏற்க மாட்டேன். கருத்துச் சொல்லக் கிளம்பிய இடங்களில்தான் சிட்காம் மோசமாகச் சறுக்கியிருக்கிறது.

1971-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் நார்மன் லியர் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி'யைப் பாருங்கள். அதில் வரும் குடும்பத் தலைவர் ஆர்ச்சி பங்கர், கறுப்பினத்தவர், யூதர், பெண்கள் என்று யாரைப் பற்றியும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர். அவருடைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கச் சிரிக்க அந்த எண்ணங்கள் மதிப்பிழக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கப் பதின்வயதினரிடமும் கனடாவில் பெரியவர்களிடமும் விசாரித்து 1974-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடரை எல்லாத் தரப்பினரும் ரசித்தார்கள். ஆனால் இன வெறுப்பு மிகுந்தவர்கள் ஆர்ச்சியைத்தான் மெச்சினார்கள். வாக்குவாதத்தில் கடைசியில் ஜெயிப்பதும் அவர்தான் என்றார்கள். எழுதியவர் யாரைக் கேலி செய்தாரோ, அவரையே பலர் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள்.

இதற்குக் காரணம் சிட்காமின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடம். முதல் சில நிமிடங்களில் சிக்கல் முளைத்து, நடுவில் முற்றி, முடிவில் எல்லோரும் கிளம்பிய சோபாவுக்கே திரும்பிவிட வேண்டும். திரும்பித்தான் ஆக வேண்டும் என்பதற்கு ஒரு வியாபாரக் காரணம் இருந்தது. முதல் ஒளிபரப்பு முடிந்தபின் தொடர் மற்ற நிலையங்களுக்குத் தினசரி மறுஒளிபரப்புக்காக விற்கப்படும். அதற்குச் சுமார் 100 எபிசோட் கையில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பழைய கணக்கு. வாரத்துக்கு 5 என்று போட்டால் 20 வாரம் ஓடும். எந்த எபிசோடை எந்த நாளில் போட்டாலும் புரிய வேண்டுமென்றால் பாத்திரங்கள் பெரிதாக மாறக் கூடாது. ஆர்ச்சி முழுதாகத் திருந்தினால் அடுத்த வாரம் கதை இல்லை. ஆகவே ஒவ்வொரு வாரமும் கடைசி இரண்டு நிமிடத்தில் அவருக்குக் குட்டு விழும். அடுத்த வாரம் அதே நாற்காலியில் அதே ஆளாக உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர் மனதில் தங்குவது வாராவாரம் திரும்பி வரும் அந்த ஆள்தான். குட்டு அந்த வாரத்தோடு போய்விடும்.

வசனப் பங்கீட்டிலும் ஒரு பிழை உண்டு. ஆர்ச்சியை எதிர்த்து நியாயம் பேசுபவர் மருமகன் மைக். மாமனார் வீட்டில் தங்கி, அவர் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு கல்லூரியில் படிப்பவர். நியாயமெல்லாம் மைக் வாயில், சிரிப்பெல்லாம் ஆர்ச்சி வாயில். நகைச்சுவையில் சிரிக்க வைப்பவன் பக்கம்தான் பார்வையாளர் சாய்வார்கள். எதிராளி எவ்வளவு சரியாகப் பேசினாலும் எடுபடாது. அதே தொடரில் பக்கத்து வீட்டுக் கறுப்பின இளைஞன் லயனல் வரும் காட்சிகளைக் கவனியுங்கள். ஆர்ச்சி சொல்வதற்கெல்லாம் பணிவாக ஆமாம் போட்டுக்கொண்டே அவரைக் கிண்டல் செய்வான். அது அவருக்குப் புரியாது, நமக்குப் புரியும். அங்கே சிரிப்பு லயனலுடையது. அந்தக் காட்சியை எந்த வெறுப்பாளராலும் தன் பக்கம் அவ்வளவு சுலபமாக இழுத்துக்கொள்ள முடியாது. எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

வசனங்களுக்குப் பின்னால் சேர்க்கப்படும் பதிவுச் சிரிப்பும் ஒரு பாத்திரம்தான். 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் அதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். விசையை அழுத்தினால் மெல்லிய சிரிப்பிலிருந்து வெடிச்சிரிப்பு வரை வேண்டியது வரும். காலால் மிதிக்கும் கட்டையில் அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு வசைச்சொல்லுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பைச் செருகிவிட்டால், 'இது சிரிக்கத் தக்கது, நாலு பேர் சிரித்துவிட்டார்கள்' என்று பார்ப்பவருக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. கொரியப் போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மாஷ்' தொடரின் படைப்பாளிகள் இந்தச் சிரிப்பே வேண்டாம் என்றார்கள்; சேனல் வேண்டும் என்றது. அறுவை சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் அதைச் சேர்ப்பதில்லை என்று சமரசமானது. பிரிட்டனில் பிபிசி அதே தொடரைப் பதிவுச் சிரிப்பை நீக்கி ஒளிபரப்பியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அதே வசனம் ஒன்றில் கேலியாகவும் மற்றொன்றில் துயரமாகவும் கேட்கும்.

சரி, சிட்காம் எங்கே வெல்கிறது? கதைக்குச் சம்பந்தமில்லாததுபோல் ஓரமாக வருகிற இடத்தில். எனக்குத் தெரிந்து இதற்கு மிகத் துல்லியமான சான்று 1988-ன் இறுதியில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஜே வின்ஸ்டன் நடத்திய முயற்சி. நண்பர்கள் குடிக்கப் போனால் ஒருவர் மட்டும் குடிக்காமலிருந்து மற்றவர்களை வண்டியில் வீடு சேர்க்கும் 'டெசிக்னேட்டட் டிரைவர்' வழக்கத்தைப் பரப்ப, அவர் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களையும் எழுத்தாளர்களையும் தேடிப் போனார். குடியின் தீமை பற்றி முழு எபிசோட் எழுதுங்கள் என்று அவர் கேட்கவில்லை. போகிற போக்கில் ஓரிரு வரி வசனம் போதும் என்றார். மதுக்கடையிலேயே நடக்கும் 'சியர்ஸ்' உட்பட, நான்கு ஒளிபரப்புப் பருவங்களில் 160-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அது இடம்பெற்றது. 1991-ல் அந்தச் சொல் அகராதியில் ஏறியது. குடிபோதை விபத்துச் சாவுகள் அந்த ஆண்டுகளில் குறைந்ததற்குச் சட்டங்களும் காரணம். எல்லாப் புகழையும் தொலைக்காட்சிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு புதிய வழக்கம் விளக்கம் தேவைப்படாத சாதாரண விஷயமாக ஆனதில் அந்த ஓரிரு வரிகளுக்குப் பெரிய பங்குண்டு.

1998-ல் தொடங்கிய 'வில் அண்ட் கிரேஸ்' இதே வழியில் போனது. ஒருபால் ஈர்ப்புள்ள ஆண் அதில் ஒரு வாரம் வந்து அழுதுவிட்டுப் போகும் விருந்தாளியாக இல்லை. காதலைப் பற்றிக் கவலைப்படும் நிரந்தரக் கதாநாயகனாக இருந்தார். எட்வர்ட் ஷியாப்பாவும் சக ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், தொடரை அதிகம் பார்த்தவர்களிடம் வெறுப்பு குறைவாக இருந்தது. அந்தத் தொடர்பு, நிஜ வாழ்வில் அப்படிப்பட்டவர்களோடு பழக்கமே இல்லாதவர்களிடம்தான் வலுவாகத் தெரிந்தது. வெறுப்புக் குறைவானவர்களே அதை விரும்பிப் பார்த்திருக்கலாம் என்ற ஐயமும் நியாயமானது.

இந்த ஓர வழி நல்லதை மட்டும் கடத்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1984 முதல் 1992 வரை ஓடிய 'தி காஸ்பி ஷோ'வில் கறுப்பினக் குடும்பம். அப்பா மருத்துவர், அம்மா வழக்கறிஞர். இழிவான சித்திரங்களுக்கு அது நல்ல மாற்றுதான். ஆனால் சட் ஜாலி, ஜஸ்டின் லூயிஸ் ஆகியோர் பார்வையாளர் குழுக்களோடு பேசி 1992-ல் எழுதியது வேறொன்றையும் காட்டியது. 'இவர்களால் முடிந்திருக்கிறதே, முடியாதவர்களுக்கு அவரவர் சோம்பல்தான் காரணம்' என்ற முடிவுக்கு வெள்ளையர் பலர் வந்திருந்தார்கள். தொடர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனத் தடைகள் கண்ணில் படாத வீட்டை வாராவாரம் பார்த்துப் பழகியதே போதுமானதாக இருந்தது.

ஆகவே ஒரு தொடரை எடைபோட அது சொல்லும் நீதியைக் கேட்காதீர்கள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தொடர்ந்து மூன்று எபிசோட் பாருங்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் மூன்று குறிப்பு: பேசியது யார், அடி விழுந்தது யார்மேல், அடிபட்டவருக்குப் பதிலடி வசனம் கிடைத்ததா. ஒரே ஆள் திரும்பத் திரும்ப அடிபட்டு, ஒருமுறைகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால், அந்தத் தொடர் என்ன கற்றுக்கொடுக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு ஒரு எபிசோட் பாருங்கள். பேசிக்கொண்டே பாத்திரம் கழுவுவது யார், எழுந்து கதவைத் திறப்பது யார், உட்கார்ந்தபடியே இருப்பது யார்?

நீங்களே எழுதப் போகிறீர்கள் என்றால், சொல்ல நினைக்கும் நல்ல விஷயத்தை வாராவாரம் வரும் பாத்திரத்தின் அன்றாடப் பழக்கமாக வையுங்கள். யாரும் அதை விளக்க வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். நல்ல சிரிப்பு வசனங்களில் பாதியையாவது அந்த ஆளுக்கே கொடுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது உபதேசம் செய்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.