1 வோல்ட் வைத்தால் 2 வோல்ட் காட்டுகிறதே!

கேள்வி: காரைக்குடியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைக்கான சிக்னல் தரும் கருவி) ஒன்றை வரவழைத்தேன். பிடிக்காவிட்டால் பத்து நாளில் திருப்பித் தரலாம் என்று பேச்சு. 1 வோல்ட் வைத்தால் ஆசிலோஸ்கோப்பில் 2 வோல்ட் வருகிறது. கேட்டால், "அது அப்படித்தான் சார்" என்கிறார் கடைக்காரர். அவுட்புட் 50 ஓம் என்று முகப்பில் போட்டிருக்கிறது. அதை நானே அளந்து பார்க்க முடியுமா?

பதில்: அவசரப்பட்டு பார்சல் கட்டிவிடாதீர்கள். இதில் கடைக்காரர் சொன்னது சரிதான், ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். பல ஜெனரேட்டர்களில் காட்டும் அளவு, வெளியே 50 ஓம் லோடு (சிக்னலை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) மாட்டியிருக்கிறது என்ற கணக்கில் வருவது. உங்கள் ஸ்கோப்பின் இன்புட்டோ 1 மெகாஓம். லோடே இல்லாத மாதிரிதான். லோடு இருந்தால் அதுவும் ஜெனரேட்டருக்குள் இருக்கும் 50 ஓமும் வோல்டேஜைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளும். இங்கே பங்கு கேட்க ஆளில்லை, அதனால்தான் இரட்டிப்பாகத் தெரிகிறது. சில மாடல்களில் லோடை மாற்றிச் சொல்ல மெனுவிலேயே வழி உண்டு, அதை முதலில் பாருங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வெண்கலப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர் நீங்கள். இதையும் தட்டிப் பார்க்கலாம். தட்டுவதற்கு 50 ஓம் டெர்மினேட்டர், அதாவது கேபிள் முனையில் மாட்டும் 50 ஓம் லோடு, வேண்டும். கைவசம் இல்லையென்றால் கால் வாட் 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பேரலலாகச் சேர்த்தால் போதும். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் வேவ் வைத்து, லோடு இல்லாமல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்கோப் பக்கம் டி கனெக்டரில் லோடை மாட்டி மறுபடி பாருங்கள். சரிபாதியாகக் குறைந்தால் அவுட்புட் 50 ஓம். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, 1 கழித்து, 50ஆல் பெருக்கினால் உண்மையான ஓம் கிடைக்கும். 4 வோல்ட், லோடு போட்டதும் 1.6 ஆகிவிட்டால் 75 ஓம் என்று அர்த்தம். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அவுட்புட்டில் குத்திப் பார்ப்பது வேண்டாம், உள்ளே ஆம்ப்ளிஃபையர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ரீடிங்குக்கு மதிப்பில்லை.

ஆடியோ வேலைக்கு இவ்வளவு போதும். மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவர் என்றால் இந்தக் கணக்கு ஏமாற்றும். சாதாரண 50 ஓம் கேபிள் 1 மீட்டர் நீளம் இருந்தால், சுமார் 50 மெகாஹெர்ட்ஸில் அதுவே கால் அலைநீளம் ஆகிவிடும். லோடு இல்லாமல் எடுக்கும் ரீடிங் அப்போது ஜெனரேட்டருடையது மட்டுமல்ல, கேபிளுடைய வேலையும் அதில் கலந்திருக்கும். அங்கே ரிட்டர்ன் லாஸ் பிரிட்ஜ் வேண்டும். 50 ஓமோடு மேட்ச் ஆகாமல் எவ்வளவு சிக்னல் திரும்பி வருகிறது என்று அளப்பது அது; ரிட்டர்ன் லாஸ் கூடினால் மேட்ச் நல்லது என்று அர்த்தம். அதிலும் ஒரு சூட்சுமம்: லெவலை நன்றாகக் குறைத்து வைத்தால் உள்ளே இருக்கும், சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்தான் கண்ணில் படும், மேட்ச் பிரமாதமாகத் தெரியும். அட்டெனுவேட்டர் விலகி நிற்கும் ஃபுல் லெவலில்தான் குட்டு வெளிப்படும். அப்படி மேட்ச் மோசமாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதில்லை. வெளியே 10 டெசிபல் பேட் (தனியாக மாட்டும் சின்ன அட்டெனுவேட்டர்) ஒன்று மாட்டினால் சிக்னல் 10 டெசிபல் குறையும், ரிட்டர்ன் லாஸ் ஏறக்குறைய 20 டெசிபல் மேம்படும்.

பழைய ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) ஜெனரேட்டரில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் வேறு. முன்பு வைத்திருந்தவர் வயர்லெஸ் செட்டை இதோடு இணைத்து, தெரியாமல் டிரான்ஸ்மிட் பட்டனை அழுத்தியிருக்கலாம். பவர் உள்ளே திரும்பி வந்து அட்டெனுவேட்டர் ரெசிஸ்டர்களைக் கருக்கிவிடும். ஆகவே 50 ஓம் லோடோடு லெவலை ஒவ்வொரு 20 டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், வோல்டேஜ் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்காக வேண்டும். ஒரு படியில் மட்டும் சறுக்கினால் அந்தப் படியின் ரெசிஸ்டரோ ரிலேயோ போயிருக்கிறது. திருப்பி அனுப்ப அதுதான் நியாயமான காரணம்.

பத்து நாள் பேச்சு வாய்ப்பேச்சா, பில்லில் இருக்கிறதா? பில்லில் இல்லையென்றால் இன்றே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் "சரி" என்பதை வாங்கி வையுங்கள். கடைக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலில் தானே பயன்படுத்த வாங்கியவரையும் 2019 ஆம் ஆண்டின் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தகராறு வந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம்.