பழைய சென்னையைப் படித்துப் புதுவீடு கட்டுவது: கேள்வி பதில்

சென்னையில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதும் புதுவீடுகளுக்கு பிளான் போடுவதும் என் தொழில். வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

கே (தி.நகர்): வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். முதலில் பழைய வரைபடம் பாருங்கள் என்கிறீர்களே, எதற்கு சார்?

ப: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி எங்கே? மவுன்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமாகக் கிடந்த அந்த ஏரியை லாங் டேங்க் என்பார்கள். 1920களில் அதைத் தூர்த்துத்தான் தி.நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் டேங்க் பண்ட் ரோடும் ஏரிக்கரையின் மிச்சம்தான். உங்கள் மனை கரையிலா, ஏரிக்குள்ளா என்று பாருங்கள். உள்ளே என்றால் மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். கார் நிறுத்த பூமிக்கடியில் இடம் வேண்டவே வேண்டாம். 2015 வெள்ளத்தின் கறை சுவரில் எதுவரை ஏறியது என்று தெருவில் கேட்டு, அதற்கு மேல் வீட்டின் தரைமட்டம் (பேஸ்மட்டம்) வையுங்கள். மண் கொட்டி மனையை உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், தூண்மேல் தூக்குங்கள்.

கே (திருவல்லிக்கேணி): தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் மாடித்தளம் ஒழுகுகிறது. மேலே சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

ப: ஐயோ, வேண்டாம். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்காக நிறுத்திய அச்சுக்கல் என்ற சிறு செங்கல், சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்த தளம், மேலே தட்டையான ஓடு (தட்டோடு). இது ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கும். போன வருஷம் அப்படிப் பூசிய ஒரு வீட்டில், சுவருக்குள் இருந்த உத்திர முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். அழுகிய வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கியது. தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கச் சொல்லுங்கள். உத்திர முனைகளையும் தட்டிப் பாருங்கள்.

கே (மடிப்பாக்கம்): 30க்கு 40 மனை. முற்றம் வைத்தே தீருவேன் என்கிறார் அப்பா.

ப: அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஜார்ஜ் டவுன், சிந்தாதிரிப்பேட்டை வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. காற்றும் வெளிச்சமும் முற்றம் வழியாகத்தான் வரவேண்டும். உங்கள் வீட்டைச் சுற்றி இடம் விட்டுத்தானே கட்டுகிறீர்கள்? நாலடிக்கு நாலடி ஓட்டை போட்டு முற்றம் என்றால் கொசுதான் வரும். படிக்கட்டுக்கு மேலே வெப்பக்காற்று வெளியேறத் துளைகள் உள்ள ஜாலி வையுங்கள். மாலைக் கடற்காற்றுக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பெரிய ஜன்னல். மேற்குச் சுவரில் மாடிப்படி, பாத்ரூம். மீதி இடம் இருந்தால் வாசலில் திண்ணை போடுங்கள், அப்பா சாயங்காலம் உட்காருவார்.

கே (பெசன்ட் நகர்): 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழி, இன்னும் போதுமா?

ப: கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள்? உங்கள் ஊர் மணல், குழி தூர்ந்துபோகாமல் இருந்தால் மழையை நன்றாகக் குடிக்கும். பழைய கிணறு இருந்தால் மூடாமல் மொட்டைமாடிக் குழாயை அதில் விடுங்கள், முதல் மழையை மட்டும் வெளியே தள்ளிவிட்டு.