இஸ்ரோ ஆசை இருந்தால் ஏரோஸ்பேஸ்தான் எடுக்க வேண்டுமா?

பிளஸ் டூ முடித்திருக்கிறீர்கள், இஸ்ரோவில் சேர ஆசை, வீட்டில் மெக்கானிக்கல் எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஏரோநாட்டிக்கல் படித்தவன். இப்போது பெங்களூரில் விமான பாகங்கள் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போடும் வேலையில் இருக்கிறேன்.

முதலில் இஸ்ரோ. அங்கே பொறியாளர்களை எடுக்க நடத்தும் தேர்வு பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்குத்தான். ஏரோஸ்பேஸ் வழியாகப் போக வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் இருக்கும் விண்வெளித் துறையின் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டிக்கு முயலலாம். அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். ஆகவே வீட்டில் சொல்வது தப்பில்லை. மெக்கானிக்கல் முடித்து, எம்டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி, எம்டெக்கில் ஏரோஸ்பேஸுக்கு மாறியவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள்.

ஆனால் கவுன்சலிங்கில் குரோம்பேட்டை எம்ஐடியில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஏரோநாட்டிக்கல் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கலாம் ஐயா படித்த இடம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நல்ல ஆய்வகமும், கேட்டால் வழிகாட்டும் சீனியர்களும் இந்தப் படிப்புக்கு அவ்வளவு முக்கியம்.

நான் சேர்ந்த தனியார் கல்லூரியில் விண்ட் டனல், அதாவது காற்றை வேகமாகச் செலுத்தி மாதிரிகளைச் சோதிக்கும் கருவி, இருந்த அறை மூன்றாம் ஆண்டு வரை பூட்டியே கிடந்தது. ஒருநாள் புதிதாக வந்த ஆசிரியர் திறந்துவிட்டார். உள்ளே விமான இறக்கையின் சின்ன மாதிரி ஒன்று. அதன்மேல் மெல்லிய புகைக் கோடுகள் ஒட்டியபடி போய்க்கொண்டிருந்தன. இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். 15 டிகிரி பக்கம் வந்ததும் புகை சட்டென்று பிய்த்துக்கொண்டு சுழன்றது. பாடத்தில் வரியாகப் படித்த 'ஸ்டால்', அதாவது இறக்கை தூக்கும் விசையை இழப்பது, அதுதான். அன்றைக்குத்தான் இதை விடக்கூடாது என்று தோன்றியது. என் வகுப்பில் பலருக்கு அந்த ஈடுபாடு வரவில்லை, ஐடிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வேலையும் ராக்கெட் பறப்பதைப் பார்ப்பது போல இருக்காது. போன மாதம் முழுக்க ஒரே ஒரு ரிவெட் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் விளிம்பில் விரிசல் விழுமா என்று. எனக்கு அது சலிக்கவில்லை. இந்த மாதிரி வேலை உங்களுக்கும் பிடிக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், விமானப் பராமரிப்புப் படிப்பு, அதாவது ஏஎம்இ, வேறு. அதற்கு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ தரும் உரிமம் தனி. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாந்து சேர்ந்துவிடாதீர்கள்.

சேரும் முன் கல்லூரிக்கு நேரில் போய், விண்ட் டனலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கட் ஆஃப் வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.