சமூக ஆவணப் புகைப்படக்காரரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? அதை நம்பிப் பிழைக்க முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: என்னால் முடியவில்லை. மதுரையில் கல்யாணப் படம் எடுத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில்தான் நீங்கள் கேட்கும் வேலை.

திருமங்கலம் பக்கம் மல்லிகை பறிக்கும் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தேன். மொட்டு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால், விடியுமுன்பே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கூலி எடைக்கு. ஃபிளாஷ் அடித்தால் கண் கூசிக் கை நின்றுவிடும், அவர்களுக்குத்தான் நஷ்டம். சரி என்று ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றி, அந்த டார்ச் வெளிச்சத்திலேயே எடுத்தேன். விரல்கள், மொட்டு, பனித்துளி. எனக்கே ஒரே பெருமை. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஓர் அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை நல்லாத்தான் இருக்கு தம்பி. யார் கைன்னு எழுதலையா?"

எழுதவில்லை. பெயரையே கேட்டிருக்கவில்லை.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்று ஒருவர். 1908 முதல் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுக்க ஆலை ஆலையாக அலைந்தவர். பைபிள் விற்பவர் மாதிரியெல்லாம் வேஷம் போட்டு உள்ளே நுழைவார். தன் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் கணக்கிட்டு, பெயர், வயதோடு சேர்த்துப் பைக்குள் கைவிட்டபடியே குறித்துக்கொள்வார். முதலாளிகள் மறுக்க முடியாமல் போனதற்கு அந்தக் குறிப்பும் காரணம் என்பது என் எண்ணம். அவரும் 1940இல் வறுமையில்தான் இறந்தார்.

நம் மதுரைக்காரர் எம். பழனிக்குமாரின் படங்களை, கிராமப்புற இந்தியாவின் வாழ்க்கையை ஆவணப்படுத்தும் பாரி (PARI) இணையதளத்தில் பாருங்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013 சட்டம் தடுத்த பிறகும் மலக்குழியில் சாவு நிற்கவில்லை. அப்படிச் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய் எடுத்தவர் அவர். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு கேமராவும் சொல்லிக் கொடுக்கிறார். விருதைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

இப்போது என் கேமரா பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. கிளிக் செய்யும் நேரத்தைவிட அதில் எழுதும் நேரம்தான் அதிகம். போன மாதம் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்காவை எடுத்தேன். நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம். "மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம், வெளிய போட்றாதப்பா" என்றார். ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது.