திறந்த மூல மென்பொருளின் நிரலிலும் ஆவணங்களிலும் வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

பிழைச் செய்தியைத் தேடுபொறியில் ஒட்டினால் பழைய பதில்களே வருகின்றன என்றும், மூலநிரலைத் தரவிறக்கித் தேடினாலும் அந்த வரி அகப்படவில்லை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் முழுநேர நிரலாளர் அல்லர் என்று ஊகிக்கிறேன். நானும் அல்லன், ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகங்களைப் பராமரிப்பவன். "மூலநிரலெல்லாம் உனக்கு எதற்கு, கூகுளில் போட்டால் வந்துவிடாதா?" என்று மேலதிகாரி ஒருவர் நாலு பேர் முன்னால் கேட்டது இன்னும் மறக்கவில்லை என்பதால்தான் இந்தப் பதில் சற்று நீளமாக வருகிறது.

நீங்கள் தேடிய வரி கிடைக்காததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அப்படி ஒரு வரி நிரலில் இல்லவே இல்லை. எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் சர்வரை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்புக்கு மாற்றிய அன்றிரவு, உபுண்டு 14.04-இல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய கணினியிலிருந்து வரவேண்டிய பேக்கப் வரவில்லை. சர்வரின் லாகில் (நடப்பவற்றைப் பதியும் கோப்பில்) இருந்த வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: "யூசர்ஆத்_பப்கீ: கீ டைப் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ நாட் இன் பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ் [ப்ரீஆத்]". அதாவது, எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ என்ற சாவி வகை ஏற்கப்படும் முறைகளின் பட்டியலில் இல்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழையப் பயன்படும் சாவிக் கோப்புகளில் ஆர்எஸ்ஏ வகையையே இனி ஏற்பதில்லை போலும் என்று நினைத்தேன். ஆனால் சக ஊழியர் ஒருவர் தம் புதிய மடிக்கணினியிலிருந்து, அதே ஆர்எஸ்ஏ வகைச் சாவியை வைத்துக்கொண்டு, அதே சர்வருக்குள் சிரமமின்றி நுழைந்துகொண்டிருந்தார். இணையத்தில் கிடைத்த பதில்களோ, ஏன் என்று சொல்லாமல், அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லின. அதிலும் பாதிப் பதில்களில் அந்த அமைப்பின் பெயரே வேறாக, கடைசியில் 'கீடைப்ஸ்' என்று முடிவதாக இருந்தது.

தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மூலநிரல் களஞ்சியத்தை இறக்கி, அந்த வரியை முழுதாகக் கொடுத்துத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த வரி மூன்று இடங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பது. முன்னால் நிற்பது செய்தியை எழுதிய செயற்கூற்றின் (நிரலின் ஒரு சிறு பகுதியின்) பெயர். அதை லாக் எழுதும் பகுதி தானாகச் சேர்க்கிறது. நடுவில் உள்ள எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ, நிரலில் வெறும் சதவீதக் குறியும் ஓர் எஸ் எழுத்தும்தான், ஓடும்போது அந்த இடத்தில் உரிய பெயர் நிரப்பப்படுகிறது. கடைசி அடைப்புக்குறியோ, உள்நுழைவுக்கு முந்தைய கட்டத்தில் ஓடும் தனிச் செயல்முறையின் செய்திகளுக்கு வேறொரு கோப்பு போடும் முத்திரை. ஆகவே செய்தியில் மாறக்கூடிய பெயர், எண், பாதை எல்லாவற்றையும் உதறிவிட்டு, மாறாமல் நிற்கும் நான்கைந்து சொற்களை மட்டும் கிட் கிரெப்பில் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் தேடல் கட்டளையில்) கொடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் விட்டுவிடச் சொல்லுங்கள்: கையேட்டில் பெரிய எழுத்துகள் கலந்து வரும் அமைப்புப் பெயர்கள், அமைப்புக் கோப்பைப் படிக்கும் நிரலின் அட்டவணையில் முழுதும் சிறிய எழுத்தில் இருக்கின்றன. நான் ஒரு மணி நேரம் இழந்தது இங்கேதான். (லினக்ஸ் கெர்னலின் நிரல் நடை விதிகள் இந்தச் சிரமத்தை உணர்ந்தவை, வரி எவ்வளவு நீண்டாலும் பயனர் காணும் செய்தியை இரண்டாக உடைக்காதே, உடைத்தால் கிரெப்பில் அகப்படாது என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன.)

அந்த அட்டவணையில் 'அல்காரிதம்ஸ்' என்று முடியும் புதிய பெயரும் 'கீடைப்ஸ்' என்று முடியும் பழைய பெயரும் ஒரே அமைப்பைச் சுட்டி நின்றன. பெயரை ஏன் மாற்றினார்கள் என்பதற்கு வரலாற்றைத் தோண்ட வேண்டும். கிட் லாக் கட்டளையோடு பெரிய எழுத்து எஸ் விருப்பத்தைச் சேர்த்து ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் நுழைந்த, நீங்கிய கமிட்டுகளை (வரலாற்றில் பதிவான மாற்றங்களை) மட்டும் அது காட்டும். நானோ கைப்பேசி டேட்டாவை மிச்சம் பிடிக்க ஆழம் 1 என்று குறிப்பிட்டு, கடைசி கமிட்டு மட்டும் வரும்படி களஞ்சியத்தை இறக்கியிருந்தேன். எதைக் கேட்டாலும் அந்த ஒரே கமிட்டையே காட்டியது. மறுநாள் கல்லூரியில் முழு வரலாற்றையும் இறக்கியபோது விடை கிடைத்தது. 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.5 பதிப்பில் பெயரை மாற்றியிருக்கிறார்கள். அந்த அமைப்பு கட்டுப்படுத்துவது சாவியின் வகையை அல்ல, அந்தச் சாவியைக் கொண்டு தன்னை நிரூபிக்க இடும் கையொப்பத்தின் முறையை, பழைய பெயர் தவறாக எண்ண வைக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஒரே ஆர்எஸ்ஏ சாவியால் பழைய ஷா-1 முறையிலும் கையொப்பமிடலாம், ஷா-2 முறையிலும் இடலாம். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 8.8 பதிப்பு, ஷா-1 முறையை இயல்பிருப்பாக நிறுத்திவிட்டது. உபுண்டு 22.04-இல் இருப்பது 8.9, பழைய கணினியில் இருந்த 6.6-க்கு ஷா-2 கையொப்பம் தெரியாது. சக ஊழியரின் மடிக்கணினிக்குத் தெரியும். இது தெரிந்தபின் சர்வரில் எதையும் தளர்த்தவில்லை, 6.6-க்கும் புரியும் இடி25519 வகைச் சாவி ஒன்றைப் பழைய கணினியில் உருவாக்கினேன், அன்றிரவே பேக்கப் வந்தது.

எந்தத் திட்டத்தில் தேடுவது என்றே தெரியாதபோது, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்திலுள்ள மென்பொருள்களின் மூலநிரலில் தேடித்தரும் டெபியன் கோட் சர்ச் தளத்தைப் பயன்படுத்துங்கள். இதற்கு முன்னோடியான கூகுளின் கோட் சர்ச் 2006-இல் தொடங்கி 2012 ஜனவரியில் மூடப்பட்டது. அதே மாதம் அதன் நுட்பத்தை அதை உருவாக்கிய ரஸ் காக்ஸ் விளக்கி எழுதினார், அதன் அடியொற்றி மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் டெபியனின் தொகுப்புகள் அனைத்துக்கும் ஒன்றை உருவாக்கினார். நுட்பம் எளியது: ஒவ்வொரு கோப்பையும் மூன்றெழுத்துத் துண்டுகளாக நறுக்கி, எந்தத் துண்டு எந்தக் கோப்பில் உண்டு என்று அட்டவணை போட்டுவைப்பது, நாம் கேட்கும் சொல்லின் எல்லாத் துண்டுகளும் உள்ள கோப்புகளை மட்டும் திறந்து பார்ப்பது. அதனால்தான் பொதுத் தேடுபொறிகள் விழுங்கிவிடும் கீழ்க்கோடும் அடைப்புக்குறியும் அங்கே உயிரோடு இருக்கின்றன. ஆனால் ஒன்று: உங்கள் கணினியில் ஓடும் பதிப்பு எதுவோ அந்தப் பதிப்பின் மூலநிரலையே படியுங்கள். கையேட்டுக்கும் இது பொருந்தும். இணையத்தில் இருப்பது இன்றைய பதிப்பின் கையேடாக இருக்கலாம்.

ஆவணங்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எச் கையேடுகளைப் போலக் கச்சிதமானவை குறைவு. என் ஆதங்கம் வேறு: பல திட்டங்களின் விளக்கங்கள் இப்போது உறுப்பினராகச் சேர்ந்தால்தான் தெரியும் அரட்டை அறைகளுக்குள் போய்விட்டன. அங்கே எந்தக் கிரெப்பும் எட்டுவதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆகாதா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். கேட்டேன். இதே சிக்கலைத் தீர்ப்பதாகச் சொல்லி, பொருத்தமாகவே ஒலித்த ஓர் அமைப்புப் பெயரைக் கொடுத்தது. அதைக் கிட் கிரெப்பில் இட்டுப் பார்த்தேன்; ஒரு வரிகூட வரவில்லை.