இரண்டு மாத ஓய்வுக்குப் பின்னும் குதிகால் வலி

அன்புள்ள ஐயா,

வயது 44. மூன்று ஆண்டுகளாக ஓடுகிறேன், வாரம் 30 கிலோமீட்டர். அரை மராத்தானுக்காக வாரம் இரண்டு நாள் வேக ஓட்டம் சேர்த்தேன். கூடவே தட்டையான ஷூவுக்கும் மாறினேன். மூன்றே வாரத்தில் வலது குதிகாலுக்கு மேலே வலி. காலையில் எழுந்ததும் நொண்டித்தான் நடக்கிறேன். இரண்டு மாதம் ஓடவில்லை, வலி போயிற்று. திரும்ப ஓடிய முதல் நாள் 8 கிலோமீட்டர்; மறுநாளே வலி வந்துவிட்டது. ஓடாத நாட்களில் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். ஓட்டத்தை விட்டுவிட வேண்டியதுதானா?

க., மதுரை

அன்புள்ள க.,

விட வேண்டாம். ஆனால் ஓய்வை மருந்தாக நம்புவதை விட்டுவிடுங்கள். ஓடும்போது, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமக்கிறது. ஓய்வில் வலி அடங்கும், தசைநாணின் வலுவோ குறையும். அப்படி இளைத்துப்போன தசைநாணின் மேல்தான் 8 கிலோமீட்டரை ஏற்றியிருக்கிறீர்கள்.

முதலில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தத் தசைநாணைக் குதிகால் எலும்பிலிருந்து மேல்நோக்கிக் கிள்ளிக்கொண்டே போங்கள். எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்தால் கீழே சொல்லும் பயிற்சி உங்களுக்குத்தான். எலும்போடு சேரும் இடத்திலேயே வலித்தால் படியில் குதிகாலைத் தாழ்த்தக் கூடாது, தரையில் நின்று செய்யுங்கள்.

சுவீடன் மருத்துவர் அல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது. படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் எம்பி, எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை மெல்ல இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. மடக்கிச் செய்தால் கெண்டைக்காலின் உள்தசைக்கு வேலை கூடும். காலை, மாலை, தினமும், 12 வாரம். வலியில்லாமல் செய்ய முடிந்தால் முதுகுப்பையில் எடை சேர்த்துக்கொண்டே போங்கள்.

பலரும் கெடுத்துக்கொள்வது இரண்டு இடத்தில். ஏறும்போதும் வலிக்கும் காலாலேயே எம்புகிறார்கள். மூன்றாவது வாரம் வலி தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். செய்யும்போது பத்துக்கு ஐந்துவரை வலிக்கலாம். தீர்ப்பு சொல்வது மறுநாள் காலை: கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடி. நேற்றைவிட மோசமென்றால் நேற்றுச் செய்தது அதிகம். இதை தினமும் ஒரு எண்ணாகக் குறித்து வையுங்கள்.

அரை மணி விறுவிறுவென நடந்தும் அந்த எண் ஏறாவிட்டால் ஓடத் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். ஓட்டத்தின் பாரம் ஏறிய தசைநாண் தன்னைச் சரிசெய்துகொள்ள ஒன்றரை நாளாவது வேண்டும். சமதரையில் ஓடுங்கள். குதிகால் உயர்ந்த பழைய ஷூவுக்கே திரும்புங்கள். தட்டை ஷூவும் வேக ஓட்டமும் ஒன்றாக வந்ததே உங்களுக்கு வினையாயிற்று. வேகத்தைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. யாராவது எழுதிக் கொடுத்தால் இந்த வலியைச் சொல்லி வேறு கேளுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் சட்டென்று வலித்து, அந்தக் காலால் எம்ப முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எரிச்சலைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. தினமும் ஓடிய உடம்பை மொத்தமாக நிறுத்தினால் தூக்கமும் மனதும் சேர்ந்தே கெடும். ஓடிய அதே விடிகாலையில் சைக்கிளோ நீச்சலோ 40 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. மிதியைக் குதிகாலுக்கு நெருக்கமாக வைத்து மிதித்தால் தசைநாணுக்குச் சுமை குறைவு.

அரை மராத்தானுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவது இரண்டு காலிலும் ஒரே அளவு, 20க்குக் குறையாமல் வரட்டும். அதற்குப் பிறகு தேதி பாருங்கள்.